பிற காரணங்கள்: இரண்டு சதவீதம்

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கும்ரான் அறுநூற்று நாற்பத்தோராவது வரிக்கு வந்திருந்தாள். 'அதிபர் தம் பணியைச் சரியாகச் செய்யவில்லை என்று ஏன் நினைக்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு நாடு முழுவதிலிருந்தும் தொலைபேசியில் வந்த பதில்கள் அவள் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. படித்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போடுவதுதான் அவள் வேலை. விலைவாசி என்றால் 11. யார் பேச்சையும் கேட்பதில்லை என்றால் 14. தகுதியில்லாத ஆட்களைப் பதவியில் வைக்கிறார் என்றால் 17. எதிலும் அடங்காமல் முரண்டு பிடிப்பதற்கு 98, அதாவது 'பிற'. வெள்ளி காலை பத்து மணிக்கு முடிவு வெளியாகிவிடும். அதிபர் மாளிகையிலும் அதற்காகத்தான் காத்திருப்பார்கள் என்று அலுவலகத்தில் பேச்சு. இருக்கலாம். கும்ரானுக்கு அதைவிட, ஆறு மணிக்குள் ஆயிரம் வரியும் முடிய வேண்டும் என்பதுதான் கவலை.

தென்கொரியத் தலைநகர் சோலில் இந்தக் கருத்துக்கணிப்பு வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. முதல் ஏழு வருடம் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு போனில் கேள்வி கேட்டாள். தொண்டை கெட்ட பிறகு எண் போடும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். ஓர் அதிபர் சரிவதை டிவிக்காரர்கள் சதவீதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அவளுக்கு அதற்கு இரண்டு மாதம் முன்பே தெரிந்துவிடும். 'நன்றாகச் செய்கிறார்' என்பவர்கள் சொல்லும் காரணங்கள் முதலில் மெலியும். வெளிநாட்டு ஒப்பந்தம், தொழிற்சாலை, வேலைவாய்ப்பு என்று பெரிது பெரிதாகச் சொன்னவர்கள் ஒரு கட்டத்தில் 'பாவம், முயற்சி பண்றாரு' என்பார்கள். பிறகு 'ஓட்டுப் போட்டுட்டேனே' என்பார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர்கள் நேரே எதிர்ப்பக்கம் போய்விட மாட்டார்கள். ஐந்தாறு வாரம் 'ஒண்ணும் சொல்றதுக்கில்லை' என்ற கட்டத்தில் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். அங்கிருந்துதான் வெளியேறுவார்கள். இந்த அதிபர் ஐம்பத்திரண்டு சதவீத ஆதரவில் தொடங்கினார். போன வாரம் முப்பதில் இருந்தார்.

அவர் ஐம்பத்திரண்டில் இருந்தபோதுதான் கும்ரானின் அண்ணன் தல்சு அவளோடு பேச்சை நிறுத்தினார்.

பிறந்த வீடு கிழக்கே மலைப்பக்கம் யோங்ஜு, ஆப்பிள் தோட்டம். வாழ்க்கைப்பட்டது தென்மேற்கே நாஜுவில், பேரிக்காய்த் தோட்டக்காரர்களிடம். தேர்தல் என்று வந்தால் இந்த இரண்டு ஊரும் ஒரே பக்கம் நின்றதாகச் சரித்திரமே கிடையாது. இருந்தாலும் இருபத்தைந்து வருடமாக, அப்பாவின் திதிப் படையலில் அண்ணன் வீட்டு ஆப்பிளும் அவள் கொண்டுபோகும் பேரிக்காயும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில்தான் உட்கார்ந்தன. இரண்டு வருடத்துக்கு முன் சூசொக் அறுவடைப் பண்டிகையன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் சும்மா இருந்திருக்கலாம். வேலை புத்தி விடவில்லை. "அண்ணே, உங்க ஆளு இறங்குவாரு பாருங்க, இப்பவே காரணமெல்லாம் சரியில்லை" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் அந்த வெயில் காலம் முழுக்க அந்த ஆளுக்காகத் தொண்டை வறள வீடு வீடாக ஓட்டுக் கேட்டுப் போய் வந்தவர். கரண்டியைக் கீழே வைத்தார். "எங்க அப்பா சோத்தைத் தின்னு வளந்துட்டு நாஜுக்காரியாவே ஆயிட்ட. நீங்க போனுல கேக்கறதெல்லாம் ஜோடிச்ச கணக்கு" என்றார். அவளும் சும்மா விடவில்லை, அது வேறு விஷயம். அடுத்த மாதம் படையலுக்கு அவள் அனுப்பிய பேரிக்காய்ப் பெட்டி, கட்டிய கயிறு கட்டியபடி, நான்காம் நாள் அவள் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்கு அப்பா இன்னொரு முறை செத்துப்போனது போலிருந்தது. போன வருடம் அவள் பெட்டி அனுப்பவில்லை. இந்த வருடத் திதி நாளை மறுநாள், சனிக்கிழமை. அவளை யாரும் கூப்பிடவில்லை.

அண்ணி மட்டும் அண்ணனுக்குத் தெரியாமல் மாதம் ஒருமுறை பேசுவாள். போன மாதம் புலம்பினாள்.

"உங்க அண்ணனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. முன்னெல்லாம் கருத்துக்கணிப்புன்னா திட்டிட்டு வச்சிருவாரு. இப்ப சோல் நம்பர் அடிச்சா ஏணியிலேருந்து குதிச்சு ஓடறாரு. மாசத்துக்கு நாலு வருது. நாலுக்கும் உக்காந்து பதில் சொல்றாரு."

"அது அப்படித்தான் அண்ணி. தன் ஆளு இறங்க இறங்க, தூக்கி நிறுத்தணும்னு கட்சிக்காரங்க விழுந்தடிச்சு போனை எடுப்பாங்க. எங்க தொழில்ல இது தெரிஞ்ச விஷயம்" என்று கும்ரான் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் கசப்பாகக்கூட இருந்தது. தங்கையைத் தூக்கிப் போட்டாலும் போடுவார், அந்த ஆளை விடமாட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அறுநூற்று நாற்பத்தொன்று. ஆண், அறுபதுக்கு மேல், யோங்ஜு இருக்கிற வடக்குக் கியோங்சாங் மாகாணம். பதில்: சரியாகச் செய்யவில்லை. கேட்டு எழுதியவர் தோக்சுன். அறுபத்திரண்டு வயது தோக்சுன் அக்கா இரண்டு விரலால் தட்டச்சு செய்பவள். சொன்னதைச் சுருக்கி எழுத அவளுக்கு வராது. இருமினால் இருமல் என்று எழுதுவாள். 'உன்னால ஒவ்வொரு நாளும் பேசி முடிக்க வேண்டிய ஆள் கணக்கு முடியமாட்டேங்குது' என்று அவளுக்கு வாராவாரம் திட்டு விழும். அந்த வரியில் அவள் எழுதியிருந்தது இது:

'ஏன்னா கேக்கற. இந்த ஆளுக்காக என் தங்கச்சி அனுப்புன பேரிக்காய்ப் பெட்டியைத் திருப்பி அனுப்புனேன். (இருமல்) அந்தப் பெட்டி பெறுவானா இவன்? பெறமாட்டான். அவளும் இந்த மாதிரி எடத்துலதான் வேலை பாக்கறா. எந்தக் கம்பெனின்னு தெரியாது. நீ எதையும் மாத்தாம அப்படியே எழுதிக்க தாயி. என்னைக்காவது அவ கண்ணுல பட்டாலும் படும்.'

கும்ரான் அதை ஒருமுறை படித்தாள். பிறகு எழுத்து தெளிவாக இல்லாத பதில்களுக்கு ஒலிப்பதிவைக் கேட்கலாம் என்ற விதியை நினைத்துக்கொண்டாள். தோக்சுன் அக்காவின் எழுத்து கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. ஆனாலும் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். முதலில் வழக்கமான வாசகம் ஓடியது. நீங்கள் சொல்வது புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படும், நீங்கள் யார் என்பது யாருக்கும் தெரியாது. இந்த வாசகத்தை அவளே ஏழு வருடத்தில் லட்சம் தடவை சொல்லியிருப்பாள். அதற்குப் பின் அந்த இருமல் வந்தது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு எண்களெல்லாம் கலங்கின. அவர் ஏணியிலிருந்து குதித்து ஓடியது அந்த ஆளைத் தூக்கி நிறுத்த இல்லை. மாதத்துக்கு நான்கு முறை, எந்தக் கம்பெனி என்றே தெரியாமல், முகம் தெரியாத பெண்களிடம் எல்லாம் இதைச் சொல்லிவைத்திருக்கிறார். அவர்கள் 'சொந்தக் காரணம்' என்று இரண்டு வார்த்தையில் எழுதி மூடியிருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அடுத்த எண்ணைக் கூப்பிட வேண்டுமே.

நேரே போனை எடுத்து 'அண்ணே, படிச்சேன்' என்று சொல்லக் கை துடித்தது. கை துடித்தால் ஆயிற்றா? யாருக்கும் தெரியாது என்று வாக்குக் கொடுத்து வாங்கிய பேச்சு அது. தெரிந்தவர் பதில் என்று சந்தேகம் வந்தால் எண் போடாமல் குழுத் தலைவரிடம் ஒப்படைக்க வேண்டும், வெளியே மூச்சு விடக்கூடாது. பன்னிரண்டு வருடத்தில் அவளுக்கு ஒருமுறையும் அப்படி வந்ததில்லை. எழுந்து பாங் குழுத் தலைவர் மேசைக்குப் போனாள்.

"சார், அறுநூத்தி நாப்பத்தொண்ணை நீங்க பாருங்க. தெரிஞ்சவங்க மாதிரி இருக்கு."

பாங் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். அவர் நல்ல மனிதர்தான், மதியத்துக்கு மேல் மூளை கொஞ்சம் மெதுவாக ஓடும்.

"பேரிக்காயா? இது பழ விலையில வருமா? இந்த வருஷம் ஒரு பழம் ஐயாயிரம் வொன்னுக்கு விக்குது."

கும்ரான் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் அது எண் போடுவதில் தலையிட்டதாகிவிடும். இத்தனை நாள் காத்திருந்த அண்ணனின் மனசு விலைவாசிக் கணக்கில் போய் விழப்போகிறதே.

"இல்லையில்ல. திருப்பி அனுப்பியிருக்காரே. விலையைப் பத்தி ஒண்ணும் சொல்லலை" என்று பாங் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு 98 என்று அடித்தார். "நல்லாயிருக்கு போங்க, அதிபரைப் பத்திக் கேட்டா தங்கச்சியைப் பத்திச் சொல்றாங்க."

"ஆமா சார்" என்றாள். அந்த நிமிடம் அவருக்கு ஒரு கும்பிடு போடலாம் என்றிருந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது தோக்சுன் அக்காவின் இருக்கைக்குப் போனாள். அக்கா கிளம்புவதற்காக மேல்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். கும்ரான் தன் பையிலிருந்த சூடான இஞ்சித் தேநீர்க் குப்பியை அவள் கையில் திணித்தாள்.

"இது எதுக்கு?"

"சும்மாதான் அக்கா. நீங்க எழுதறது நல்லாயிருக்கு."

"கிண்டலா? இன்னைக்கும் திட்டு வாங்கியிருக்கேன். ஒரு கிழவன் பேரிக்காய்க் கதை சொல்லி நாலு நிமிஷம் தின்னுட்டான். எங்க ஊர்ப்பக்கத்துக் குரல், வெட்டிவிட மனசு வரல."

"வெட்டாதீங்க அக்கா. எப்பவும் வெட்டாதீங்க" என்றாள் கும்ரான். அதற்கு மேல் நின்றால் அழுதுவிடுவோம் என்று மாடிப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முடிவு வந்தது. இருபத்தேழு. பதவிக்கு வந்த நாளிலிருந்து இதுதான் மிகக் குறைவு என்று எல்லா டிவியிலும் சிவப்பு எழுத்து ஓடியது. விலைவாசிதான் காரணம், நியமனங்கள்தான் காரணம் என்று கோட்டுப் போட்டவர்கள் விவாதித்தார்கள். கும்ரான் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத்தான் பார்த்தாள். சரியாகச் செய்யவில்லை என்பதற்கான காரணங்கள் வரிசையில் கடைசிக்கு முந்தியதாக, 'பிற: இரண்டு சதவீதம்' என்று இருந்தது. அதை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அந்த அதிபர் மேல்கூட அவளுக்கு முதன்முதலாக ஒரு நன்றி உண்டானது. மனிதர் இவ்வளவு தூரம் இறங்கியிராவிட்டால் அண்ணனும் இறங்கியிருக்க மாட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குப் போய், தன் சொந்த போனிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டாள். இரண்டு வருடம் கழித்து. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார். இலை சலசலப்பது கேட்டது.

"அண்ணே, கும்ரான் பேசறேன்."

"ம்."

"நாளைக்கு அப்பா திதிக்கு வரேன். ஒரு பெட்டி பேரிக்காய் எடுத்துட்டு வரட்டுமா?"

அண்ணன் இருமினார். நெடுநேரம் இருமினார். பிறகு வேறெதையோ கேட்டார்.

"உங்க ஆபீஸ்ல, யாரு என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியுமா? உன் கைக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

ஆமாம் அண்ணே என்று சொல்லிவிட்டால் எவ்வளவு லேசாக இருக்கும். அவள் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"எங்களுக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. எல்லாம் வெறும் எண்ணாத்தான் வரும்."

"அப்ப... நீயாத்தான் கூப்பிட்டியா?"

"நானாத்தான் கூப்பிட்டேன்."

இலைகள் அடங்கின. ஏதோ ஓர் ஆப்பிள் நழுவி, கீழே கூடையிலோ புல்லிலோ விழுந்த சத்தம்.

"வச்சிராத" என்றார் அண்ணன். "ஏணி மேல நிக்கறேன். இரு, இறங்கிக்கிறேன்."

அவள் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஒரு படி கிறீச்சிட்டது. சற்றுப் பொறுத்து அடுத்த படி. அறுபத்து மூன்று வயது மனிதர் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஏணியைப் பற்றி, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார்.