இரண்டு பிரதி, இரண்டு வண்டி

படம் எடுக்கப் போகும் ஊர்களுக்கு நானும் என் கணவன் தியோபிலோவும் ஒரே வண்டியில் போனதே இல்லை. சண்டையெல்லாம் கிடையாது. அன்றன்று எடுத்த காட்சிகளை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுவோம். இரண்டும் ஒரே வண்டியில் போகக் கூடாது என்பது அவன் சட்டம். வண்டி கவிழ்ந்தாலும் திருடு போனாலும் ஒன்று மிஞ்ச வேண்டுமாம். பதினொரு வருஷமாகப் பொலிவியா முழுக்க நான் முன் வண்டி, அவன் பின் வண்டி.

அந்த முறை லாரி ஓட்டும் பெண்களைப் பற்றிய படம். உயூனியில் வேலையை முடித்துவிட்டு நான் எட்டு மணி மினிபஸ்ஸில் ஏறினேன். அவன் ஒன்பது மணிக்கு. நண்பகலில் பொத்தோசி பஸ் நிலையத்தில் இறங்கி, பிரிமித்திவா அக்கா கடையில் சூடாகச் சோளக் கஞ்சி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மணி இரண்டாயிற்று, மூன்றாயிற்று. அவன் போன் கிடைக்கவில்லை. கடை ரேடியோவில் செய்தி வந்தது: சாலை மறியலாம், மலைப்பாதையில் சுற்றி வந்த மினிபஸ் ஒன்று உருண்டுவிட்டதாம்.

என் மடியில் டிஸ்க் பத்திரமாக இருந்தது. ஒரு மாத உழைப்பு, ஒரு காட்சிகூடக் குறையாமல். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. படத்துக்கு இரண்டு பிரதி வைத்தானே பாவி, தனக்கு வைத்தானா?

"யாரும்மா வரணும்?" என்றாள் அக்கா.

"வீட்டுக்காரர்."

"சேந்து வரலியா? கோவமா?"

"பத்திரமா வர்றோமாம்," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் குவளையை நிரப்பினாள்.

ஐந்து மணிக்கு ஒரு லாரியிலிருந்து இறங்கினான். உடம்பெல்லாம் புழுதி, சட்டைக் கையில் யாருடைய ரத்தமோ. உருண்டது இவனுக்கு முன்னால் போன வண்டி. அடிபட்டவர்களைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறான்.

"சுல்மா, உன் டிஸ்க் நல்லாருக்கா?"

"டிஸ்க்காம் டிஸ்க்! நீ செத்திருந்தா இத வச்சு என்னடா பண்றது? போட்டுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? அதுலயும் நீ இல்ல, கேமராவுக்குப் பின்னாடி நிக்கிற ஆளு!"

அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் ஆறிப்போன கஞ்சியைக் குடித்தான்.

"பயந்துட்டியா?"

"இல்ல, கூத்தாடினேன்."

எங்கள் ஊரான சூக்ரே போவதற்கு இரண்டு பஸ் நின்றன. அவன் பையிலிருந்த டிஸ்க்கைப் பிடுங்கி, பார்சல் கவுண்டரில் என் தங்கை பேருக்கு முதல் பஸ்ஸில் போட்டேன்.

"இது தனியாப் போகட்டும். நாம சேந்து போவோம்."

"பார்சல் தொலைஞ்சா?"

"தொலையட்டும். இன்னொண்ணு என்கிட்ட இருக்குல்ல."

அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் அவன், பக்கத்தில் நான். முதல் வளைவிலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தான். ஒவ்வொரு வளைவிலும் பிடித்தான். மலைப்பாதை என்றால் இவனுக்கு இத்தனை பயம் என்று எனக்குத் தெரியவே தெரியாது. பதினொரு வருஷமாக யார் கையைப் பிடித்துக்கொண்டு வந்தானோ.