கம்ப்யூட்டர் பார்த்த நெஞ்சு

கம்பெனி வாசலில் நின்ற மருத்துவப் பரிசோதனை வேனிலிருந்து இறங்கியதுமே கன்னியப்பன் காக்கிச் சட்டையைக் கழற்றித் தங்கவேலிடம் நீட்டினான். பாக்கெட்டின்மேல் தங்கவேலின் பெயர் தைத்த சட்டை. "முடிஞ்சுது மச்சான். சில்லுனு இன்னாவோ தடவி, ஒயரை மாட்டி, ஆடாம படுன்னான். படுத்துகினேன்" என்று சிரித்தான்.

நெஞ்சுத் துடிப்பைக் கம்ப்யூட்டரே படித்துச் சொல்லிவிடுமாம் என்று திருமழிசை தொழிற்பேட்டை முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. தேறாதவனை இனி தகடு அடிக்கும் பிரஸ் மிஷினில் உட்காரவிட மாட்டார்கள், கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். நாற்பத்தாறு வயதில் தங்கவேலுக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்? மாடி ஏறினாலே அவனுக்கு நெஞ்சைப் பிசையும். அதனால் தங்கை வடிவின் புருஷனைப் பிடித்தான். கன்னியப்பன் பக்கத்துக் கம்பெனியில் லோடுமேன், இரும்புத் தகட்டை வாழை இலை மாதிரி தூக்குகிறவன். வேனில் வந்தவர்களுக்கு யார் முகமும் தெரியாது. டோக்கனையும் சட்டையையும் பார்த்துப் பெயரையும் வயதையும் அடித்துக்கொண்டார்கள். ஆளை மாற்றிப் படுக்கவைத்த தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு தங்கவேல் அன்றைக்கு இரண்டு டீ குடித்தான்.

அந்த வாரக் கடைசியில் கம்பெனி டாக்டர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் நெஞ்சுத் துடிப்பைக் கோடாகக் காட்டும் நீளக் காகிதம் விரிந்திருந்தது.

"உட்காருங்க தங்கவேல். இதயத்துக்கு ரத்தம் போற குழாய்ல அடைப்பு இருக்கலாம்னு கம்ப்யூட்டர் சொல்லுது. மிஷின் சொன்னதெல்லாம் வேதம்னு நான் நினைக்கிறதில்ல. ஆனா கோட்டை நானும் பார்த்தேன், எனக்கும் பிடிக்கல. கனமா எதையும் தூக்காதீங்க. திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

வேலை போயிற்றே என்றுதான் முதலில் தங்கவேல் நினைத்தான். பூந்தமல்லி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அந்தக் கோடு யாருடையது என்பது உறைத்தது. நின்றபடியே அழுகை முட்டியது.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கன்னியப்பன் இஞ்சி சோடா குடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளாகவே தினமும் வேலை முடிந்ததும் சோடாதான். வாயு, ஏப்பம் விட்டால் சரியாகிவிடும் என்பான்.

"மாப்ள, அது உன் நெஞ்சுடா. இப்பவே கெளம்பு, டாக்டராண்ட போலாம்."

கன்னியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "மச்சான், அது கணக்கு போடுற மிஷினு. உன் பேரை அடிச்சான், உன் வயசை அடிச்சான். அப்பால என் நெஞ்சா வரும்? உன்னுதுதான் வரும். நீ ஒடம்பைப் பாத்துக்கோ."

"படுத்தது நீதானேடா?"

"படுத்தா இன்னா? எனுக்குக் கல்லு மாதிரி ஒடம்பு. சும்மா பயந்துகினு ஆபீஸ்ல ஒளறி வெக்காத. ஆளை மாத்துனது தெரிஞ்சா ரெண்டு பேர் வேலையும் பூடும்."

அவன் சொன்னதை நம்பிவிடத் தங்கவேலுக்கு ஆசையாக இருந்தது. வயதை அடித்தது உண்மைதானே? மாடி ஏறினால் வலிப்பதும் தனக்குத்தானே? திங்கட்கிழமை டாக்டரிடமே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், இரண்டு நாளில் என்ன குடி முழுகிவிடும் என்று வீட்டுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை வடிவு கன்னியப்பனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கம்பெனியில் யாரோ சொல்லி, அண்ணனுக்கு நெஞ்சில் அடைப்பு என்ற சேதி அவளுக்குப் போயிருந்தது. அழுது சிவந்த கண்ணோடு வந்தவள், மாடிப் போர்ஷன் வாசலில் நாற்காலி போட்டுத் தங்கவேலை அதில் உட்காரவைத்தாள். "நீ ஒரு துரும்பைத் தொடக் கூடாதுண்ணா. எல்லாம் அவரு பாத்துப்பாரு" என்றாள். தண்ணீர்க் குடங்களைக் கன்னியப்பன்தான் ஏற்றினான். அரிசி மூட்டையையும் ஏற்றினான். வேண்டாம் என்று தங்கவேல் சொன்னபோதெல்லாம் வடிவு அவன் வாயை அடைத்தாள்.

கீழே கேஸ் வண்டி வந்து நின்றது. நிறைந்த சிலிண்டரைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு கன்னியப்பன் படியேறும் சத்தம் கேட்டது. பாதியில் அந்தச் சத்தம் நின்றது.

"இன்னா மாப்ள?"

"ஒண்ணுமில்ல மச்சான். வாயு." குரல் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி வந்தது.

தங்கவேல் துள்ளி எழுந்தான். "கீழ வைடா! வடிவு, அன்னிக்கு மிஷின்ல படுத்தது நான் இல்ல. அவன்..."

"பதறாதண்ணா, உனுக்கு ஆகாது!" வடிவு ஓடிவந்து, உள்ளங்கையை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தி, நாற்காலியிலேயே உட்காரவைத்தாள். அவள் கைக்கு அடியில் அவன் நெஞ்சு தடதடவென்று அடித்தது. படிக்கட்டில் சிலிண்டரைக் கீழே வைக்கும் சத்தம் டங்கென்று கேட்டது. அடுத்த அடிச்சத்தத்துக்காக இரண்டு பேரும் படிவாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.