மூடின பெட்டியை வாங்காதவள்

1

இந்தக் கதை ஒரு முழங்கால் வலியில் தொடங்கியது. வலி என்னுடையதல்ல, டார்லா ஹூபருடையது. இருபத்தாறு வருடம் கூரைமேல் மண்டியிட்டுத் தார் ஓடு அடித்த முழங்கால்கள். காலையில் கட்டிலிலிருந்து தொங்கப்போட்டால், கொஞ்ச நேரத்துக்கு அவை அவள் பேச்சைக் கேட்பதில்லை. கட்டில், நாற்காலி என்றால் எப்படியாவது எழுந்துவிடுவாள். தரையில் உட்கார்ந்தால் யாராவது கைகொடுக்க வேண்டும். வீட்டில் யாருமில்லை. இருந்தாலும் கேட்கிற ஆளில்லை அவள்.

நானும் அவளோடு சில கோடைகள் ஓடு சுமந்தவன். மதியச் சாப்பாட்டின்போது ஏணி நிழலில் உட்கார்ந்து அவள் சொன்னதுதான் இது. அவள் சொன்னது பாதி, மீதி என் கைச்சரக்கு. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

2

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

இந்தியானாவின் மே மாதம் சோளவயல்களின்மேல் மெல்ல இறங்கி...

(வேண்டாம். டார்லா வயலைப் பார்ப்பதில்லை. காரில் போகும்போதும் வீட்டுக் கூரைகளைத்தான் பார்ப்பாள், எது இன்னும் எத்தனை மழை தாங்கும் என்று.)

வீட்டை இழந்த டார்லா, வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் பழைய கேம்பர் வீடு ஒன்றைத் தேடி...

இது என் நண்பர் கேட்ட தொடக்கம். நான் எழுதுவதை முதலில் வாசிப்பவர். "கூரை வேலைக்காரி கேம்பர் வாங்குகிறாள் என்றால் அதில் குடியிருக்கத்தானே? வீட்டைப் பறித்துவிடுங்கள். கதைக்கு எடை வரும்" என்றார்.

பறிக்க மாட்டேன். உழைக்கிற பெண் கதைக்குள் காலெடுத்து வைத்த உடனே எதையாவது பறிகொடுத்தாக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அவளுக்கு வீடு இருக்கிறது. ஜூலையில் ஒரு வாரம் ஏரிக்கரையில் போய்ப் படுத்துக் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். வேலைக்குப் போன நாளிலிருந்து அவள் எடுக்கும் முதல் ஒரு வார விடுப்பு. ஏரிக்கரையில் இடத்துக்குக் கட்டிய பணம் திரும்பி வராது. கூடாரம் அடித்துத் தரையில் படுத்தால் எழ முடியாது. பெரிய கேம்பரை அவள் பிக்கப் வண்டி இழுக்காது. மிச்சமிருப்பது மடக்குக் கேம்பர்தான். சாலையில் போகும்போது வெறும் இடுப்புயரப் பெட்டி. நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும், துணிச்சுவர் விரியும், இரண்டு பக்கமும் கட்டில் வெளியே நீளும். கட்டில்! இதற்குமேல் எடை வேண்டுமென்றால் செங்கல் வாங்கிக்கொள்ளுங்கள்.

3

பார்த்த கேம்பர்கள் எல்லாமே பூஞ்சை. கடைசியாக ஒரு விளம்பரத்தைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வாண்டா க்ராட் என்பவளின் வீட்டு வாசலில் போய் நின்றாள். பெட்டி மூடிக் கிடந்தது.

"படத்துல பாத்தீங்கல்லம்மா, அதேதான். பணத்தக் குடுத்தா இப்பவே மாட்டி இழுத்துட்டுப் போயிரலாம்" என்றாள் வாண்டா.

"தூக்கிக் காட்டுங்க."

"கைப்பிடி எங்கயோ தொலஞ்சு போச்சு."

"அப்ப நானும் தொலஞ்சு போறேன். மூடின பெட்டிய நான் வாங்கறதில்ல.*"

* மடக்குக் கேம்பர் வாங்குகிற எல்லோரும் இந்த விதியைச் சொல்வார்கள். மடக்கி வைத்த துணி ஈரத்தில் கறுத்துப் போயிருக்கும், திறந்தால்தான் தெரியும். வெளிப்பூச்சு பளபளவென்று இருந்தால் பாதிப் பேர் விதியை மறந்துவிடுவார்கள். டார்லா மறப்பதில்லை. நாலு ஓடாவது பெயர்த்துப் பார்க்காமல் எந்தக் கூரையையும் அவள் நல்ல கூரை என்று சொன்னதே இல்லை.

அவள் பிக்கப் பக்கம் திரும்பியபோது கராஜிலிருந்து ஒரு குரல் வந்தது. "தொலயல. எங்கிட்டதான் இருக்கு."

வாண்டாவின் கணவன் லைல். கைப்பிடியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான்.

"வாங்காதீங்கம்மா. தரை பூரா உளுத்துப் போச்சு. மழை பெஞ்சா உள்ளாற குடை பிடிச்சுட்டு உக்காரணும்."

"யோவ், வாய மூடு."

"வண்டிப் பத்திரத்துல என் பேரும் இருக்குடி. நான் கையெழுத்துப் போடாம எப்படி விக்கறேன்னு பாக்கறேன்."

"மீன்பிடிப் படகு வாங்கறப்ப என் கையெழுத்த கேட்டியா நீ?"

டார்லா கையை நீட்டினாள். கூரையில் சுத்தியல் கேட்கிற மாதிரி, முகத்தைப் பார்க்காமல். லைல் கொடுத்துவிட்டான். ஏன் கொடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. (எனக்கும் தெரியவில்லை. அப்படிக் கை நீட்டினால் நானும் கொடுத்திருக்கிறேன்.)

4

சுற்றினாள். கூரை முனகாமல் எழுந்தது. கூரையைத் தூக்கும் கம்பிவடத்தில் புதுக் கிரீஸ். உள்ளே ஏறியதும் மூக்கைத்தான் முதலில் நீட்டினாள். பூஞ்சை வாடையே இல்லை. புகையிலை வாடை, காலுறை வாடை. பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டு, மூலைக்கு மூலை தரையை அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. மேசையைப் பிடித்து எழுந்தாள். கட்டிலில் தலை அழுந்திய தலையணை, ஒரு சின்ன ரேடியோ, மூக்குக் கண்ணாடி.

"யாரு படுக்கறது இங்க?"

"இவன்தான்" என்றாள் வாண்டா. "படகு வீட்டுக்கு வந்த அன்னிக்கே இவன் வெளிய. காலைல மடக்கிரணும்னு சொல்லிட்டேன். தெருவுல பாத்தா எனக்கு அசிங்கம்."

டார்லா லைலைப் பார்த்தாள். "தினம் தூக்கி தினம் எறக்கறீங்களா?"

"இருட்டினதும் தூக்குவேன். விடியறதுக்குள்ள எறக்கிருவேன். நனஞ்சிருந்தா தொடச்சுக் காய வெச்சுதான் மடக்குவேன்."

அவன் மனைவியோடு ஒழுங்காக இருந்திருந்தால் இந்த வண்டியும் மற்றவை மாதிரி நாறிப்போயிருக்கும்.

"இப்படி வெச்சிருக்கற வண்டிய எதுக்கு உளுத்துப் போச்சுன்னீங்க?"

"என் படுக்கைம்மா இது."

5

இந்த இடத்தில் பேனா நின்றது. நண்பர் இரண்டு முடிவு சொன்னார்.

ஒன்று: டார்லா மனம் இளகி, வெறுங்கையோடு திரும்புகிறாள். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். அந்த மாதிரிக் கதைகளை நிறைய வாசித்திருக்கிறேன். விட்டுக்கொடுப்பது எப்போதும் முட்டி தேய்ந்தவர்கள்தான்.

இன்னொன்று: வாண்டாவின் கண்கள் கலங்...

கலங்கவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"படகுல படுங்க" என்றாள் டார்லா.

"கால் நீட்ட முடியாதும்மா."

"எனக்குத் தரையில படுத்தா எந்திரிக்க முடியாது. வேலைக்குப் போன நாள்லேந்து இதான் மொத லீவு. ஒங்க வீட்டுச் சண்டைக்கு நான் எதுக்குத் தரையில படுக்கணும்?"

லைல் அவள் முட்டியைப் பார்த்தான். "கூரை வேலையா?"

"ஆமா."

"நான் சிமென்ட் தரை போடறவன்." கால்சட்டையைத் தூக்கிக் காட்டினான். அவன் முட்டியும் அதே மாதிரி வீங்கித்தான் இருந்தது.

"ரெண்டு பேரும் முட்டியப் பாத்துட்டே நிப்பீங்களா, கையெழுத்து ஆகுமா?" என்றாள் வாண்டா.

டார்லா லைல் பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட ஒரு மடக்குக் கட்டில் சும்மா கெடக்கு. செவ்வாக்கெழம கொண்டாந்து தரேன். கராஜுல போட்டுக்குங்க. வண்டி எனக்கு வேணும்."

பிக்கப்பின் முன்பக்க மூடிமேல் பத்திரத்தை வைத்து அவன் கையெழுத்துப் போட்டான். தலையணை, ரேடியோ, கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "மடக்கறப்ப எடது பக்கத் துணிய மொதல்ல உள்ள தள்ளுங்க. இல்லன்னா கிழிஞ்சிரும்" என்றான்.

6

ஜூலையில் டார்லா ஏரிக்கரைக்குப் போனாள். சோளம் சுட்டுத் தின்றாள். பகலிலும் தூங்கினாள். ஒவ்வொரு காலையும் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டு, முழங்கால்கள் சம்மதிக்கும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்த ஆளில்லை.

"கட்டிலைக் கொடுத்தாளா?" என்றார் நண்பர்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள் ஆலங்கட்டி மழை அடித்து, ஊரில் பாதிக் கூரை பெயர்ந்தது. வேலை, வேலை. பிறகு ஏரி. பிறகு மறுபடி வேலை. அவள் சொன்ன காரணம் இது. நான் சரிபார்க்கவில்லை.

அவளைக் கட்டிலோடு லைல் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு ஒரு வரி போதும். எழுத மாட்டேன். எழுதினால் நல்லவள் என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். மூடின பெட்டியை நானும் விற்பதில்லை. கட்டில் அவள் கொட்டகையில், ஏணிக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. மனசு கேட்காவிட்டால் நீங்களே தூக்கிக்கொண்டு போய்க் கொடுங்கள். வாண்டா கதவைத் திறந்தால் என்ன சொல்வது என்பது உங்கள் பாடு.

இதை நான் எழுதி நிறுத்துகிற இன்றுவரைக்கும், டார்லா ஹூபர் லைல் க்ராட்டுக்கு ஒரு மடக்குக் கட்டில் தர வேண்டும்.