முழங்கால் வலியை வழியனுப்பிய விதம்

கொறற்றியின் முழங்கால் வலி ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து நாற்பதுக்கு எஸ்-பான் ரயிலில் வந்து இறங்கியது. பிராங்பேர்ட்டில் அந்தத் தொடர்மாடியில் இருந்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். இரண்டாம் மாடிப் படியில் நின்று அது மூச்சு வாங்கும்போது, அந்த மாடியில் இருக்கும் லிசா தன் நாயைப் பிடித்துக்கொண்டு வழிவிடுவாள். மூன்றாம் மாடிக்கு ஏறி, கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, கொறற்றியின் வலது முழங்காலில் குந்திவிடும். ஆறரைக்கு அவளுக்கு வங்கிக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை. பகல் முழுக்க ஓடித்திரிந்தவள் சரியாக வேலைக்கு வெளிக்கிடும் நேரத்தில் நொண்டுவாள். முழந்தாளிட்டுத் தரை துடைக்க முடியாவிட்டால் மாத முடிவோடு நின்றுகொள்ளலாம் என்று மேற்பார்வையாளர் கடிதமும் கொடுத்துவிட்டார். ஓய்வூதியத்துக்கு இன்னும் ஏழு வருடம் கிடந்தது.

இந்தக் கூத்து லின் என்ற சீனப் பெண்மணியிடம் போனதில் தொடங்கியது. எலும்பு வைத்தியரைப் பார்க்க டெர்மின் கிடைப்பது எட்டு மாதம் கழித்துத்தான் என்றதும், மகள் டெல்சி தாயை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். கையால் செய்யும் அந்தச் சீன வைத்தியத்துக்குத் துய்னா என்று பெயர். லின் முழங்கால் சிரட்டையைச் சுற்றிப் பெருவிரலால் அழுத்தி, புறங்கையை உருட்டி, தொடையிலிருந்து பாதம்வரை வழித்து வலியை வெளியே எடுத்துவிடுவார். எடுத்ததைத் தாய்மொழியில் வழியனுப்புவது மட்டும் நோயாளியின் வேலை. ஒருதரம் வெளியே வந்து பழகிய வலி, பிறகு தினமும் காலையில் கொறற்றி சொன்னதும் மரியாதையாகப் போனது. பின்னேரம் அதே மரியாதையோடு திரும்பி வந்தது. ஆறாம் தடவை போனபோது லின்னுக்கே பொறுமை போய்விட்டது. அந்த வலிக்கு நீ என்னதான் சொல்கிறாய் என்று கேட்டார்.

"போட்டு வா எண்டுதான் சொல்லுறனான்," என்றாள் கொறற்றி. "வேற எப்பிடிச் சொல்லுறது?"

டெல்சி தலையில் கைவைத்துக்கொண்டு, போய்விட்டு வா என்று அர்த்தம் என அதை ஜெர்மனில் சொன்னாள். வா என்று சொன்னால் வராமல் என்ன செய்யும், வெறுமனே 'போ' என்று சொல் என்றார் லின்.

அதுதான் அவளுக்கு முடியவில்லை. கணவன் வின்சன்ற் அவளுக்காகச் சொல்லிப் பார்த்தார். அடுத்தவர் பேச்சை வலி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒற்றை எழுத்துக்கு இவ்வளவு பாடா என்று வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். தொண்ணூறாம் ஆண்டு மன்னார்ப் பேசாலைக் கரையில், சண்டைக்குத் தப்ப அவளை வள்ளத்தில் ஏற்றுகிற அவசரத்தில், அவளுடைய அப்பா 'போ' என்று மட்டும்தான் சொன்னார். அவள் போனாள். பிறகு அவரைக் காணவேயில்லை. அந்தச் சொல் என்ன வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் கூட இருந்த ஒன்றை, அது வலியே என்றாலும், அப்படி அனுப்ப வாய் வரவில்லை.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. காலையில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போட்டு ஆறுதலா வா," என்றாள். "அவசரமில்லை."

வலி கொஞ்சம் யோசித்துவிட்டுப் படி இறங்கியது. அன்று பின்னேர எஸ்-பானில் அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

இப்போது மூன்று வருடமாகிறது. கொறற்றி அதே வங்கியில் முழந்தாளிட்டுத் தரை துடைக்கிறாள். வருவதாகப் போனது ஒரு சேதியும் இல்லாமல் எங்கே சுற்றுகிறதோ என்று இடையிடையே அதைத் திட்டுவாள். ஐந்து நாற்பதுக்குக் கதவைப் பூட்டவும் விடமாட்டாள். வின்சன்ற் இப்போது கேட்பதையும் விட்டுவிட்டார். கேட்டால் ஒரே பதில்தான்.

"வரும். ஆறுதலாத்தானே வரச் சொன்னனான்."