அங்சானா மரத்தடியில் ஒரு கையெழுத்து

1

இந்தக் கதை ஒரு நாற்காலி ஓட்டையிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருஷம் எங்கள் வீட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்காரப் போய், அதன் வழியாக உள்ளே இறங்கிவிட்டேன். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. என் மருமகள் ஷார்மேன் சிரித்து முடித்த பிறகுதான் தூக்கினாள்.

ஈப்போவில், ஓர் அடுக்குமாடிக்குப் பின்னால், மரத்தடியில் பிரம்பு பின்னும் ஓர் அம்மாவிடம் நாற்காலியைக் கொண்டுபோனோம். நாளைக்கு வாங்க என்றார். நான் போகவில்லை. இரண்டு மணி நேரம் அவர் கையையும் தலைக்கு மேலே கத்திக்கொண்டிருந்த பறவைகளையும் பார்த்தபடி அங்கேயே இருந்துவிட்டேன். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் உங்களுக்குக் கொடுக்க நினைத்தேன், கண்ணுகளா. வேறொன்றுமில்லை.

அந்த அம்மாவின் பெயர் பாப்பா இல்லை. மற்றதெல்லாம் நான் சேர்த்தது. சேர்த்ததில்தான் வினை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: விடிந்தும் விடியாத பொழுதில் பறவைகளின் இன்னிசை

அதோடு விட்டுவிட்டேன். மைனா கத்துவதை நீங்கள் கேட்டதில்லையா? கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடிப்பவர்கள் மாதிரி இருக்கும். அதைப் போய் இன்னிசை என்று எழுதக் கை வரவில்லை.

இரண்டாவது தடவை பாப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எழுதினேன்.

பாப்பா காலையில் ஒரு பிளாஸ்டிக் பேசின் நிறையத் தண்ணீரோடு கீழே வருவாள். பிரம்பு நார் ஊற வேண்டும். ஊறாத நாரை மடக்கினால் உடையும். அது ஊறுகிற நேரத்தில் அவள் தேத்தண்ணி குடிப்பாள். மைனாக்கள் அந்தப் பேசினிலேயே இறங்கிக் குளிக்கும். விரட்டமாட்டாள். “குளிச்சிட்டுப் போங்க. வேலைக்கா போவப் போறீங்க” என்பாள். பிறகு நெடுக்கில் ஓர் ஓட்டம், குறுக்கில் ஓர் ஓட்டம், மறுபடி நெடுக்கு, மறுபடி குறுக்கு, கடைசியில் மூலைவாட்டில். நார் தளராமல் இருக்கத் துளையில் ஆப்புச் செருகி, சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு. அந்த இரண்டு தட்டுக்கு மரத்திலிருந்து ஏதாவது ஒன்று குரல் கொடுக்கும். வேலை இல்லாவிட்டாலும் அவள் இன்னொரு முறை தட்டிப் பார்ப்பாள். நறுக்கும் நுனிகளை ஒரு சாண் நீளத்துக்கு விட்டுத்தான் நறுக்குவாள், கூடு கட்டுகிறவை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் பால்மரம் சீவியவள் பாப்பா. அவ்வளவு வருஷமும் பறவைகளுக்கு நடுவில்தான் இருந்தாள். ஆனால் அங்கே குயில் கூவினால் வெயில் ஏறப்போகிறது, பால் நின்றுவிடும், இன்னும் ஒரு நிரை மரம் பாக்கி என்று அர்த்தம். குயில் சத்தம் கேட்டால் கால் தானாக ஓடும். அறுபது வயதுக்கு மேல், இந்த அங்சானா மரத்தடியில்தான், அது தன்னை விரட்டவில்லை என்று அவள் காதுக்குப் புரிந்தது.

3

இதுவரை நன்றாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது. ஆனால் ஒருத்தி பின்னுகிறாள், பறவை கத்துகிறது, அப்புறம்? நீங்கள் எழுந்து போய்விடுவீர்களோ என்ற பயத்தில் ஒரு தப்புச் செய்தேன். மூன்றாம் மாடியிலிருந்து தினமும் இறங்கிவந்து பாப்பாவோடு உட்கார்ந்து கதை பேசும் சரளாவுக்கு ஓர் இருமலைக் கொடுத்தேன். சின்ன இருமல்தான்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கதையில் ஒருவருக்கு நோவு கொடுப்பது சுலபம். திரும்ப வாங்குவதுதான் ஆகாத காரியம். எழுத நினைக்கிற பிள்ளைகள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

இருமல் பெரிதாகி, சரளா கீழே வருவது நின்றுபோனது. ஒரு நாள் அவள் வீட்டுக்காரர் சுகுமாரன் கையில் ஒரு தாளோடு மரத்தடிக்கு வந்தார். அவர் அடுக்குமாடிக் கமிட்டியில் இருக்கிறார்.

“பாப்பாக்கா, பிசியா?”

“பின்ன, டான்ஸா ஆடிக்கிட்டிருக்கேன்?”

அவர் சிரிக்கவில்லை. “மரத்த வெட்டப் பேப்பர் ரெடி பண்ணியாச்சுக்கா. மரத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் சைன் போட்டாச்சு. நீங்க மட்டுந்தான்.”

“கீழ நிறுத்தி வச்ச காடி மேல எச்சம் விழுதுன்னா?”

“காடியக் கழுவிக்கலாம் லா. சரளாவுக்காகத்தான். எச்சம் காஞ்சு தூசியாப் பறக்குது, அது நெஞ்சுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்றாரு.”

“இந்த மரந்தான் காரணம்னு சொன்னாரா?”

“இருக்கலாம்னு சொன்னாரு.” சுகுமாரன் தாளை மடித்தார், பிரித்தார். “நேத்து டாக்டர்கிட்டப் போயிட்டு வரும்போது பாதிப் படியில உக்காந்துட்டாக்கா. தூக்கிக்கிட்டுத்தான் போனேன்.”

பாப்பா நாரை இழுத்துப் பிடித்திருந்தாள்.

“நீங்க சைன் போடலன்னா மரத்துல கை வைக்கக் கூடாதுன்னு நானே கமிட்டியில சொல்லிட்டேன். அக்கா உக்கார்ற எடம் இதுன்னு.”

திட்டுவதற்குக்கூட அவர் இடம் வைக்கவில்லை. “வச்சிட்டுப் போங்க தம்பி. நாலு மணிக்கு வாங்க” என்றாள்.

4

நாலு மணிக்குள் எதையாவது செய்து இதைச் சரிப்படுத்திவிடலாம் என்று பார்த்தேன்.

ஒரு மைனா சரியாக அந்தத் தாளின் மேலேயே எச்சமிடுவதாக எழுதினேன். நீங்கள் சிரிப்பீர்கள். சரளா இருமிக்கொண்டிருப்பாள். கிழித்துப் போட்டேன்.

சரளாவைச் சித்தியவானில் இருக்கும் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? கடல் காற்று. மரமும் நிற்கும், மூச்சும் சீராகும். ஆனால் அவள் போகிறேன் என்று எங்கே சொன்னாள்? என் வசதிக்காக ஒருத்தியைப் பெட்டி கட்ட வைப்பது

வேண்டாம். தோட்டம் கைமாறியபோது பாப்பாவையும் யாரோ இப்படித்தான் கிளப்பினார்கள்.

கடைசியில் மூன்றாம் பகுதிக்கே திரும்பிப் போய் இருமலை அடித்துப் பார்த்தேன். பிரயோஜனம் இல்லை. அதை நீங்கள் படித்துவிட்டீர்கள்.

எனக்கு அலுப்பாக இருந்தது. பேனாவை வைத்துவிட்டேன். நான் சும்மா இருந்த அந்த நேரத்தில் பாப்பா தானாக எழுந்து, மூன்று மாடி ஏறினாள்.

5

சரளா கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஜன்னல் திறந்து கிடந்தது.

“மூடி வைக்கச் சொன்னாங்கல்ல?”

“மூடுனா ஒண்ணும் கேக்கல.” இருமல் அடங்கும்வரை சரளா கையைக் காட்டி நிறுத்தினாள். “நீ ஆப்பு தட்டுறது கேக்கும். அப்புறம் அதுங்க கத்தும். சரி, பாப்பா வந்துட்டான்னு நெனைச்சிக்குவேன்.”

“பேப்பர் வந்திருக்கு.”

“தெரியும். மொத சைன் என்னோடது.”

பாப்பா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். “பின்ன எதுக்கு ஜன்னலத் தொறந்து வச்சிருக்க?”

“வெட்டுற வரைக்கும் கேப்போமேன்னு.”

வெளியே வழக்கமான கூச்சல்.

“வெட்டுனா சரியாயிருமா உனக்கு?”

“யாருக்குத் தெரியும்? படி ஏற முடியல பாப்பா. அவரு தூக்கிட்டு வரும்போது வெக்கமா இருக்கு.”

“நான் போடட்டுமா, வேணாமா? நீயே சொல்லிரு.”

சரளா அவளை நன்றாகப் பார்த்தாள். “மூச்சும் என்னோடது, பாவமும் என்னோடதா? அத நீ வச்சுக்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. பாப்பா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எலும்புகள் ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டன. (இந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை. தடவும்போது தெரிந்தது.)

6

கீழே வந்தபோது பின்னி வைத்திருந்த நார் காய்ந்து இறுகியிருந்தது. பாதி முடிந்த நாற்காலியின் மேல் தாள். அதில் பதினொரு பெயர்கள். பாப்பா மரத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்த்தாள் என்று எழுதினால் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். மூன்றாம் மாடி ஜன்னலையும் பார்க்கவில்லை, அதே காரணத்துக்காக.

என்னைத்தான் பார்த்தாள்.

“கதை எழுதுற அம்மா, நீங்க போட்டிருவீங்களா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுபத்தாறு வயதில் எவ்வளவோ பேருக்குக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறேன், எவ்வளவோ பேரைக் காகிதத்தில் சாகடித்திருக்கிறேன். இந்த ஒரு கையெழுத்தை அவளுக்காகப் போடவும் முடியவில்லை, போடாதே என்று பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

“நீங்க எழுதி முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருவீங்க” என்றாள் பாப்பா. கோபமாகச் சொல்லவில்லை. தாளோடு வைத்திருந்த பேனாவின் மூடியைக் கழற்றினாள். படியில் சுகுமாரனின் செருப்புச் சத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது.

இத்தோடு என் பங்கு முடிந்தது, கண்ணுகளா. அடுத்த வரி உங்களுடையது. மரம் நிற்கட்டும் என்பவர்களிடமும் போகட்டும் என்பவர்களிடமும் நான் ஒன்றுதான் கேட்கிறேன். எழுதியதும் எழுந்து போய்விடாதீர்கள். நாளைக் காலையில் அவள் கீழே இறங்கிவருவாள். அப்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.