கேட்டதை மட்டும் போட்ட கணினி

இப்போதெல்லாம் கடையில் ஒரு சாமான் கேட்டால் நாலு சாமானைத் தலையில் கட்டுகிறார்கள். வேண்டாமென்றால் முறைக்க வேறு செய்கிறார்கள். யாரையோ திட்டிக்கொண்டே பெரியவர் குஞ்சு பொரிப்பகத்தின் அலுவலக அறைக்குள் நுழைந்தார். மருமகள் புதுக் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"லிஸ்ட் வந்துச்சாம்மா?"

"எங்க மாமா! பைத்தான்னு ஒண்ணு இருக்கிறதையே இது ஒத்துக்க மாட்டேங்குது."

முட்டைத் தட்டுகளை அடைவைத்த பதினெட்டாம் நாள் ஆட்டும் பெட்டியிலிருந்து பொரிக்கும் பெட்டிக்கு மாற்றியாக வேண்டும். தவறினால், வெளியே வரும் குஞ்சு ஆடுகிற தட்டில் நசுங்கிப்போகும். போன வாரம் கரண்ட் போய்ப் போய் வந்ததில் சூடு தாறுமாறாகி, எந்தத் தட்டுக்கு என்றைக்குப் பதினெட்டு என்பதே குழம்பிவிட்டது. மணிவாரிச் சூட்டை வைத்து அதைக் கண்டுபிடிக்க, மருமகள் இலவசமாகக் கிடைத்த அட்டவணை மென்பொருளுக்குள் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தாள். பழைய கணினியில் ஓடியது. நேற்று வந்த புதியதில், நிரல்களை ஓட்டும் மேக்ரோ பட்டியலில் பைத்தான் என்ற வரியே இல்லை. சில தட்டுகளில் இன்று மதியமே குஞ்சு வெளிவரலாம்; அதற்குள் நானூறு தட்டையும் விளக்கில் பிடித்துப் பார்க்க யாராலும் முடியாது.

"ஓசிச் சாமான் அப்படித்தான். பாதியைக் குடுத்துட்டு மீதியை மடியில வச்சுக்குவான்."

"இது யார் வேணாலும் பிரிச்சுப் பாக்கிற மாதிரி குடுத்தது மாமா. மடியே கிடையாது."

"அப்ப பிரிச்சுப் பாரு. மணி பத்தரை!"

பார்த்தாள். நிரல் அதன் இடத்தில் இருந்தது. தனியாக ஓட்டினால் பைத்தானும் ஓடியது.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணோட ஒண்ணு பேசத்தான் மாட்டேங்குது."

"என்ன, சம்பந்திச் சண்டையா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு கணினிக்காரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, ரெண்டையும் இணைக்கிற பேக்கேஜ் தனியா வரும். நான் போடத்தான் போனேன். ஐயா பின்னாடியே நின்னு, 'கேட்டதை மட்டும் போடு, கூட ஒண்ணு போட்டே, கையை ஒடிச்சிடுவேன்'னாரு."

மருமகள் மெல்லத் திரும்பினாள். பெரியவர் கூரையை ஆராய்ந்தார்.

"சொன்னேன்தான். கண்டதையும் உள்ள விட்டா, நாளைக்கு நம்ம கட்டில்ல வந்து படுத்துக்குவான்."

அந்தப் பேக்கேஜைப் போட அவள் ஒரே ஒரு கட்டளை அடித்தாள். திரையில் கோடு நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. பெரியவருக்கு மூச்சே அதோடுதான் போய் வந்தது. அட்டவணையை மூடித் திறந்தாள்.

"மாமா! பைத்தான் வந்துருச்சு!"

"கத்தாதே, அமுக்கு!"

அமுக்கினாள். மளமளவென்று முப்பத்தேழு வரிகள் சிவந்தன. அச்சுப்பொறியிலிருந்து தாள் முழுதாக வெளியே வருமுன்பே பெரியவர் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். பின்னால் அவள். ஒருவர் எண்ணைக் கத்த, மற்றவர் தட்டை இழுக்க, பதினொன்றே முக்காலுக்குக் கடைசித் தட்டும் பொரிக்கும் பெட்டிக்குள் போயிற்று. மூடுமுன் பெரியவர் ஒரு முட்டையை விளக்கில் பிடித்தார். மேலே காற்று நிற்கும் இடத்தில் அலகின் நிழல் துடித்தது. இன்னொன்று, அதிலும்.

"மயிரிழைல தப்பிச்சோம் மாமா! இப்பவாவது நம்புறீங்களா?"

"முப்பத்தேழைச் சரியாச் சொல்லிடுச்சு. மீதி முந்நூத்து அறுபத்து மூணைப் பத்தி வாயே திறக்கலையே, அது ஏன்?"

விளக்கை எடுத்துக்கொண்டு ஆட்டும் பெட்டிகள் இருக்கும் பக்கம் நடந்தார்.