சிவந்தியப்பர் தெருவில் மருத் தடுப்பு

அந்த மழைக்காலத்தில் மரு வீடுகளுக்கும் வர ஆரம்பித்திருந்தது. பாளையங்கோட்டையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனிதரின் விரலிலிருந்து சுவருக்குப் போகும். சுவரிலிருந்து அடுத்த சுவருக்குப் போகும். போகவிடாமல் தடுப்பதற்கு ஓர் ஆய்வாளர் இருந்தார். அவர் பெயர் குற்றாலிங்கம்.

குற்றாலிங்கத்தின் உடம்பில் மரு கிடையாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் யாரையும் தொட்டதில்லை. தனித் துண்டு, தனி வாளி, தனிச் சவரக்கத்தி. தூங்கும்போதும் ரப்பர் கையுறை போட்டிருப்பார். கல்யாண வீடுகளில் வாசலில் நின்றே கையசைத்து வாழ்த்துவார். மணமக்களும் கையசைப்பார்கள். தன் கல்யாணத்தையும் அப்படியே நடத்திக்கொள்ளப் பார்த்தார். பெண் வீட்டார் ஒப்பவில்லை. கல்யாணம் நின்றுபோனது.

மரு வந்த ஆய்வாளரைத் துறை வைத்துக்கொள்ளாது. அது அவருக்கு நியாயமாகவே பட்டது.

சிவந்தியப்பர் தெருவிலிருந்து புகார் வந்தது. கொடுத்தவர் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஜெபமணி. பக்கத்து வீட்டில் மாவு மில் நடத்தும் சண்முகவடிவு இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

“வடிவு வீட்டுச் செவத்துல மரு வந்துட்டு சார்,” என்றார் ஜெபமணி.

“உங்க பக்கம் பரவிட்டா?”

“அதான் புகாரே. பரவ மாட்டேங்கு. தினமும் முதுகை வச்சுத் தேய்க்கேன்.”

“தேய்க்கக் கூடாது.”

“பொறவு எப்படி வரும்?”

எப்படி வரும் என்று குற்றாலிங்கத்துக்குத் தெரியும். சொல்ல அவருக்கு அனுமதியில்லை. அவர் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

சண்முகவடிவு முழங்கையால் கதவைத் திறந்தாள். தலைமுடியெல்லாம் மாவு.

“எங்கன இருக்கு?”

“சுவிட்சுக்குப் பக்கத்துல சார். இந்தக் கட்டைவிரலாலதான் லைட்டைப் போடுவேன். முதல்ல சுண்டைக்காய் கணக்கா இருந்துது. பொறவு பூசணிக்காய். பொறவு கதவு வச்சிட்டு.”

சுவர் புடைத்திருந்தது. புடைப்பில் ஒரு கதவு. உள்ளே ஓர் அறை. தரை சொரசொரப்பாகவும் இளஞ்சூடாகவும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல். பாளையங்கோட்டையில் கடல் கிடையாது. குற்றாலிங்கம் அதைக் கண்டுகொள்ளவில்லை. கடல் வேறு துறை.

“வீடு அரிக்கா?” என்று கேட்டார்.

“மத்தியானம் ஓடு லேசா நடுங்கும். தொடப்பத்தால தடவிக் குடுப்பேன்.”

“தடவக் கூடாது. சொறியக் கூடாது. ஈரம் படக் கூடாது.”

“கடல் இருக்கே சார்.”

“ஜன்னலைச் சாத்தி வைங்க.”

அவள் சாத்தினாள். அலைச் சத்தம் நின்றது. அவள் முகம் ஒரு சுற்று இளைத்துப்போனது. மறுபடியும் திறந்தாள். முகம் சரியானது.

“வருசக்கணக்கா மில்லுச் சத்தத்துலயே கிடந்தாச்சு சார். இங்கன வந்தாத்தான் காது குளுருது.”

குற்றாலிங்கம் பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்தார். “உங்க விரல்ல இருக்கது தாய் மரு. அதுல இதை வச்சா விழுந்துரும். மத்ததும் தானா விழுந்துரும்.”

“இந்த ரூமா?”

“ரூமும்.”

“கடலு?”

“அதை மேல கேக்கணும்.”

அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. இரண்டாவது நேற்றுதான் முளைத்ததாம். சண்முகவடிவு ஒன்றில் உட்கார்ந்து கட்டைவிரலை நீட்டினாள்.

“தெருவுக்கு ஆகாதுன்னா வைங்க சார். நான் ஒண்ணும் சொல்லல.”

குற்றாலிங்கம் மற்றதில் உட்கார்ந்தார். குப்பியின் மூடி திறக்கவில்லை. கையுறை வழுக்கியது. வலது கையுறையைக் கழற்றினார். உள்ளே இருந்த கை வெளுத்து, ஊறிப்போய், யாருடையதோ போல இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

“கை நல்லாத்தான இருக்கு,” என்றாள் சண்முகவடிவு.

மருந்து வைக்க வேண்டுமானால் விரலைப் பிடிக்க வேண்டும். பிடித்தார். மரு மிளகளவுதான். விரல் சூடாக இருந்தது. உள்ளே ஏதோ துடித்தது. அது அவள் நாடியா தன் நாடியா என்று தெரியவில்லை. மனிதர் விரலுக்கு இவ்வளவு சூடு உண்டு என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. கடல் ஜன்னல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

“முடிஞ்சிட்டா?” சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜெபமணி கத்தினார்.

“இல்ல.”

கொஞ்ச நேரம் போனது.

“இப்ப?”

“இல்ல.”

பிறகு குற்றாலிங்கம் குப்பியைப் பைக்குள் வைத்தார். ஒரு பிளாஸ்டரைக் கிழித்து அவள் விரலில் சுருக்கமில்லாமல் ஒட்டினார்.

“மூடி வச்சா போதும். இதுவும் ஒரு முறைதான்,” என்றார். பொய் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது வாசலில் ஜெபமணி கையை நீட்டிக்கொண்டு நின்றார். குற்றாலிங்கம் மரு விரலைப் பிடித்த தன் வெறுங்கையைப் பார்த்தார். வேலை போய்விடும் என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் கை போய்விட்டது. ஜெபமணி கண்ணை மூடிக்கொண்டு குலுக்கினார்.

அவருக்குப் பின்னால் தெருவே வரிசையில் நின்றது. யாரும் கூப்பிடவில்லை. இஸ்திரி போடும் சுடலைமுத்து நின்றார். கீரை விற்பவள் கூடையோடு நின்றாள். ஒரு பசுவும் நின்றது. அதற்குக் கொம்பைக் குலுக்கினார். யாரும் அவசரப்படவில்லை. வெயில் தாழ்ந்தபோது அவருக்குக் கன்னம் வலித்தது. அவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சில நாட்களில் வீடுகள் ஒவ்வொன்றாகப் புடைத்தன. ஜெபமணியின் அறையில் ஜன்னலைத் திறந்தால் மலையும் சாரலும். அவர் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருந்தார். சுடலைமுத்துவுக்கு ஒரு ரயில் நிலையம் கிடைத்தது. ரயில் வராது. பெஞ்சு இருந்தது, காற்று இருந்தது. அவருக்கு அதுவே தாராளம்.

குற்றாலிங்கத்தின் சுண்டுவிரலில் சின்னதாக ஒன்று வந்தது. அவர் அதைச் சொறியவில்லை.

ஒரு மத்தியானம் அவரும் சண்முகவடிவும் ஒரே தட்டில் சொதியும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது.

“பரவல் நின்னுட்டா?”

“நின்னுட்டு சார்.”

“எப்படி?”

“எல்லாருக்கும் வந்துட்டு. இனிமே பரவ ஆள் இல்ல.”

போனில் மேலதிகாரியின் அறை மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. குற்றாலிங்கம் இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் சோறு காயக் காயக் காத்திருந்தார்.

“நல்ல வேலை,” என்றார் மேலதிகாரி. பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்தத் தெருவுல வீடு ஏதும் காலியா இருக்கா?”

“கிளம்பி வாங்க சார்,” என்றார் குற்றாலிங்கம். “பஸ் ஸ்டாண்டுல நான் நிக்கேன்.”